மறைத்து வைத்த தாள்

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் மாலைப் பூசை முடிந்த பின், ஒரு தாயார் எம்மைத் தேடி வந்தார். கணவர் உள்ளே வரவில்லை. வாசற்படியருகே குடையைப் பிடித்தபடி நின்றுவிட்டார். தாயார் தம் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய தாள் ஒன்றை எடுத்து எம் முன் வைத்தார். எட்டாம் வகுப்பில் பயிலும் அவருடைய மகளின் இரத்தப் பரிசோதனை முடிவு அது. "45, எக்ஸ்" என்று அதில் எழுதியிருந்தது.

"ஐயா, இரண்டு ஆண்டுகளாக இதைப் பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். என் மாமியாருக்குத் தெரியாது. மகளுக்கும் தெரியாது. தினமும் இரவில் எதற்கு ஊசி என்று கேட்கிறாள்; சத்து ஊசி என்று சொல்லி வைத்திருக்கிறோம். இப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. வகுப்பில் எல்லோரையும் விடக் குட்டை. கூடப் படிக்கும் பிள்ளைகள் எல்லாம் பெரியவர்களாகிவிட்டார்கள். ஒரு மாதமாக யாருடனும் சரியாகப் பேசுவதில்லை. இதை அவளிடம் சொல்லலாமா, கூடாதா? நீங்களே சொல்லுங்கள்."

அந்தத் தாயார் கேட்ட கேள்விக்கு இம்மாதம் இப்பகுதியில் விடையளிக்க முயல்கிறோம். இதே கேள்வியைப் பல ஆண்டுகளுக்கு முன் மற்றொருவர் எம்மிடம் கேட்டார். அன்று நாம் தந்த விடை தவறானது. அந்தக் கதையைப் பின்னர் கூறுவோம். முதலில் அந்தத் தாளில் எழுதியிருந்ததன் பொருளை அறிந்துகொள்வோம்.

மனித உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் 46 குரோமோசோம்கள் உள்ளன என்பது 1956-ஆம் ஆண்டில்தான் உறுதியாயிற்று. இவற்றுள் இரண்டு, பிறக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்பதோடு தொடர்புடையவை. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய். சில பெண் குழந்தைகளுக்கு இரண்டாவது எக்ஸ் முழுமையாகவோ ஒரு பகுதியாகவோ இல்லாமற் போகிறது. அதனால் விளையும் நிலைக்கு டர்னர் சின்ட்ரோம் என்று பெயர். பிறக்கும் பெண் குழந்தைகளில் 2000 முதல் 2500 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் இது காணப்படுகிறது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எல்லா உயிரணுக்களிலும் ஒரே எக்ஸ்தான் இருக்கும். ஏனையோரில் பலருக்குச் சில உயிரணுக்களில் 45-உம் வேறு சிலவற்றில் 46-உம் கலந்திருக்கும். அத்தகையோருக்கு அறிகுறிகள் பெரும்பாலும் குறைவு.

அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் ஹென்றி டர்னர் என்ற மருத்துவர் 1938-இல் ஏழு இளம் பெண்களைப் பற்றி எழுதினார். அவர்கள் எல்லோரும் உயரம் குறைந்தவர்கள், பூப்பெய்தாதவர்கள், கழுத்தின் இருபுறமும் தோல் விரிந்து காணப்பட்டவர்கள். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் குறைபாடே காரணம் என்று அவர் கருதினார். கருத்துத்தான் தவறு, கண்டது சரி. அவருக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, ஜெர்மனியில் உல்ரிக் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய சிறுமி ஒருத்தியைப் பற்றி எழுதியிருந்தார்.

இதன் பின்னர் நிகழ்ந்தது மருத்துவ வரலாற்றில் வருந்தத்தக்க ஓர் அத்தியாயம். பெண்ணின் உயிரணுவில் கருமையான சிறு புள்ளி ஒன்று தென்படுவதையும், ஆணின் உயிரணுவில் அது இல்லாததையும் கனடாவில் மர்ரே பார் என்பவர் 1949-இல் கண்டறிந்தார். டர்னர் நிலையுள்ள பெண்கள் பலரிடம் அப்புள்ளி இல்லை என்பது 1954-இல் தெரியவந்தது. உடனே சில மருத்துவர்கள், 'இவர்கள் பெண் தோற்றம் கொண்ட ஆண்கள்' என்று எண்ணத் தலைப்பட்டனர். 1959-இல் இங்கிலாந்தில் சார்லஸ் ஃபோர்டும் பால் போலானியும் அவர்தம் தோழர்களும் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தனர். எண்ணிக்கை 45, எக்ஸ் ஒன்று, ஒய் இல்லவே இல்லை. புள்ளி காணப்படாமைக்குக் காரணம் இரண்டாவது எக்ஸ் இல்லாமையே என்பது அதனால் விளங்கிற்று. இடைப்பட்ட அந்த ஐந்தாண்டுகளில் இத்தகைய சொல் எத்தனை வீடுகளின் கதவைத் தட்டியதோ, யார் அறிவார்? இன்றும் நம்மூரில் 'அவள் பெண்ணே இல்லையாம்' என்று யாரேனும் முணுமுணுத்தால், அந்த ஐயம் 1959-லேயே தீர்ந்துவிட்டது என்று அவருக்குச் சொல்லுங்கள். இவர்கள் பெண்கள், முழுமையாகவே பெண்கள்.

அடுத்ததாக, பழியைப் பற்றி. கிரகணத்தின்போது வெளியே சென்றதால், மனத்துக்குப் பிடிக்காத திருமணத்தால், தாய் காலங்கடந்து கருவுற்றதால் என்றெல்லாம் காரணம் கூறுவோர் உண்டு. எதுவும் உண்மையன்று. தாயின் வயதுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சிலவகை அரிய மாற்றங்களைத் தவிர, இது பரம்பரையாக வருவதுமன்று. தந்தையின் உயிரணுவோ தாயின் உயிரணுவோ உருவாகும்போது, அல்லது கரு பிளவுபடத் தொடங்கும்போது, தற்செயலாக நேரும் இழப்பு இது. ஒரே எக்ஸ் மட்டும் உள்ள சிறுமியரை ஆராய்ந்ததில், பெரும்பாலோரிடம் எஞ்சியிருப்பது தாய் தந்த எக்ஸ் என்பதும் தெரியவந்துள்ளது. மருமகளைக் குறை கூறும் மாமியார்கள் இச்செய்தியைச் சற்று நின்று கேட்பது நன்று; ஆயினும் பழியைத் தந்தைமீது மாற்றிவிட நாம் இதைக் கூறவில்லை. இன்னொன்றும் உண்டு. இவ்வாறு எக்ஸ் ஒன்றோடு உருவாகும் கருக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிறப்பதற்கு முன்பே கலைந்துவிடுகின்றன என்று மதிப்பிட்டுள்ளனர். அவ்வளவையும் கடந்து பிறந்தவள், அந்தத் தாயார் குறைப்பட்டுக்கொண்ட மகள்.

உடலைப் பற்றிச் சுருக்கமாகக் கூறி மேலே செல்வோம். பிறந்தவுடன் கை கால்களில் வீக்கம் இருக்கலாம். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியில் குறுக்கமோ, அதன் வால்வில் மூன்று இதழ்களுக்குப் பதில் இரண்டோ இருக்கலாம்; ஆகவே எக்கோ பரிசோதனை கட்டாயம் தேவை, அதுவும் ஒரே முறையோடு முடிவதன்று. சிறுநீரகம், தைராய்டு, இரத்தச் சர்க்கரை, செவி ஆகியவற்றையும் காலந்தோறும் பார்த்தல் வேண்டும். குரோமோசோம் பரிசோதனையில் ஒய்யின் துணுக்கு ஏதேனும் தென்பட்டால், சினைப்பையில் கட்டி உண்டாகக்கூடும் என்பதால் மருத்துவர் அறுவை சிகிச்சைக்குச் சொல்வார், அஞ்சித் தள்ளிப்போடலாகாது. சினைப்பைகள் பெரும்பாலோரிடம் இளம் வயதிலேயே செயலிழந்துவிடுகின்றன. தாமாகப் பூப்பெய்துவோர் சிலரே. தாமாகக் கருவுறுவோர் அவர்களிலும் சிலர்.

இனி மனத்தைப் பற்றிக் கூறுவோம். இதுபற்றி நம் குடும்பங்களில் எவரும் பேசுவதில்லை. மருத்துவமனையிலும் இதற்கு நேரம் கிடைப்பதில்லை.

இவர்கள் மந்த புத்தியினர் என்று பழைய நூல்கள் சில எழுதின. அது தவறு. மிகச் சிலரைத் தவிர, இவர்களின் அறிவாற்றல் மற்றவர்களுடையதை ஒத்ததே. எக்ஸ் குரோமோசோம் ஒன்று வளையம் போல் சுருங்கிக் காணப்படும் ஓர் அரிய வகையில் மட்டும் அறிவுக் குறைபாடு மிகுதி. ஆனால் இவர்களின் அறிவுக்குத் தனியானதொரு வடிவம் உண்டு. 1960-களில் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஜான் மணி என்ற உளவியலாளர் அதை எடுத்துக்காட்டினார். சொல்லில் இவர்கள் வல்லவர்கள். இடத்திலும் உருவத்திலும் தடுமாறுகிறார்கள். படித்தல், மனப்பாடம், சொல்வளம் யாவும் நன்றாக அமையும். ஆனால் வரைபடத்தைப் பார்த்து வழி கண்டறிதல், வடிவியல் கணக்கு, கடிகார முள்ளைப் பார்த்து மணி கூறுதல், புதிய கட்டடத்தினுள் நுழைந்த வழியே திரும்பி வருதல் ஆகியவை கடினம்.

இது எப்படித் தோன்றும் என்பதை ஒரு வீட்டுக் காட்சியாக எண்ணிப் பாருங்கள். ஞாயிறு பூசையில் முதல் வாசகத்தைத் தங்குதடையின்றிப் படித்துப் பெரியவர்களின் பாராட்டைப் பெறுகிறாள் ஒரு சிறுமி. மறுநாள் கணக்குத் தேர்வில் நூற்றுக்குப் பதினெட்டு வாங்கி வருகிறாள். 'இவ்வளவு அழகாகப் படிப்பவளுக்குக் கணக்கு வராதா? சோம்பல்தான்' என்கிறார் ஆசிரியர். 'வேண்டுமென்றே செய்கிறாள்' என்கிறார் தந்தை. அவளோ தன்னால் இயன்ற அளவு முயன்றிருக்கிறாள். முயன்றும் வராததற்குச் சோம்பேறி என்ற பெயரும் கிடைக்கும்போது, குழந்தைக்குத் தன் மீதே நம்பிக்கை போய்விடுகிறது. கணக்கு வராததை விட இது பெரிய நட்டம்.

இதற்கு வழி உண்டு. அவளுக்குச் சொல்தான் வலிமை என்றால், எல்லாவற்றையும் சொல்லாக மாற்றிக் கொடுங்கள். கணக்கின் படிகளை வாக்கியங்களாக எழுதி வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள். 'இடப்பக்கம் திரும்பி, பிறகு வலப்பக்கம்' என்பதற்குப் பதில், 'மாதா கெபியைத் தாண்டி, மாவு மில்லுக்கு எதிர்ச் சந்து' என்று வழி கூறுங்கள். தேர்வில் கூடுதல் நேரம் பெறச் சான்றிதழ் வாங்க இயலுமா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பள்ளியில் சேர்க்கும் வயதிலேயே உளவியலாளர் ஒருவரைக் கொண்டு அவளுடைய திறன்களை அளந்து பார்ப்பது, பின்னர் வரும் திட்டுகளில் பாதியைத் தடுத்துவிடும்.

கணக்கைப் போலவே, பிறர் முகத்தைப் படிப்பதிலும் இவர்களுள் பலருக்குத் தயக்கம் உண்டு. குறிப்பாக அச்சத்தைக் காட்டும் முகத்தை அடையாளங் காண்பது இவர்களுக்குக் கடினம் என்று ஆய்வுகள் கண்டுள்ளன. தோழி சலிப்படைந்துவிட்டாள், பேச்சை நிறுத்தலாம் என்ற குறிப்பு இவளுக்கு எட்டுவதில்லை. கேலி எது, வாஞ்சை எது என்று பிரித்தறிய முடிவதில்லை. இலண்டனில் டேவிட் ஸ்கூஸ் என்பவரும் அவர்தம் குழுவினரும் ஒரே எக்ஸ் கொண்ட 80 பேரை ஆராய்ந்து 1997-இல் வியப்பான முடிவொன்றை வெளியிட்டனர். எஞ்சிய எக்ஸ் தந்தையிடமிருந்து வந்திருந்தால் பிறரோடு பழகும் திறன் மேலாகவும், தாயிடமிருந்து வந்திருந்தால் சற்றுக் குறைவாகவும் இருந்தது என்றனர். பின்னர் வந்த ஆய்வுகள் அனைத்தும் இதை அப்படியே உறுதி செய்யவில்லை. பெற்றோருக்கு இதில் தேவையானது ஒன்றே: 'யாருடனும் ஒட்டமாட்டாள், திமிர் பிடித்தவள்' என்று ஊர் சொல்லும் பெண், உண்மையில் முகக்குறிப்பு விளங்காமல் திகைத்து நிற்பவளாக இருக்கலாம். மற்றக் குழந்தைகள் தாமாகக் கற்பதை இவளுக்கு வாய்ச்சொல்லால் கற்பிக்க வேண்டும்; கற்பித்தால் கற்றுக்கொள்வாள். கவனம் நிலைத்து நில்லாமை, கூச்சம், பலர் நடுவே பேச அச்சம் ஆகியவையும் இவர்களிடம் மற்றவர்களை விட மிகுதி. மனச்சோர்வு நாட்கணக்கில் நீடித்தால், 'வயதுக் கோளாறு' என்று விட்டுவிடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இவற்றுள் எவ்வளவு குரோமோசோமால் வருவது, எவ்வளவு நாம் அவளை நடத்தும் முறையால் வருவது? எமக்கு முக்கியமாகத் தோன்றும் கேள்வி இதுதான்.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2006-இல் மூன்று வகைப் பெண்களை ஒப்பிட்டனர். டர்னர் நிலையுள்ளவர்கள் ஒரு பிரிவினர். குரோமோசோம் யாவும் சரியாக இருந்தும் இளம் வயதிலேயே சினைப்பை செயலிழந்தவர்கள் இரண்டாம் பிரிவினர். எக்குறையும் இல்லாதவர்கள் மூன்றாம் பிரிவினர். முதல் இரு பிரிவினரிடமும் கூச்சமும் பிறர்முன் அச்சமும் மிகுதியாகவும், தம்மைப் பற்றிய மதிப்புக் குறைவாகவும் இருந்தன. அதாவது எக்ஸ் இரண்டும் உள்ள பெண்ணுக்கும் அதே நோவு. குரோமோசோமின் குறை என்று எண்ணியதில் ஒரு பெரும் பங்கு, 'எனக்குப் பிள்ளை பிறக்காது. நான் மற்றப் பெண்களைப் போல் அல்ல' என்ற துயரத்தைச் சார்ந்தது என்று இதிலிருந்து கொள்ள இடமுண்டு.

பிரான்சில் வளர்ச்சி ஹார்மோன் சிகிச்சை பெற்ற 500-க்கும் மேற்பட்ட இளம்பெண்களைப் பற்றி 2005-இலும் 2006-இலும் வெளிவந்த முடிவுகள் இன்னும் சிந்திக்கத்தக்கவை. வளர்ச்சி ஹார்மோன் ஊசி நல்லதே. அமெரிக்க அரசு 1996-இல் இந்நிலைக்கென்று அதை அனுமதித்தது. சில அங்குல உயரத்தை அது கூட்டித் தருகிறது. செலவோ மிகுதி, நகையை அடகு வைத்தவர்களும் உண்டு. ஆயினும் அந்தப் பிரெஞ்சுப் பெண்களின் வாழ்க்கை நிறைவுக்கும் அவர்கள் எட்டிய உயரத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. தொடர்பு காணப்பட்டவை இரண்டு: இதயக் கோளாறும் செவிக் கோளாறும். தம்மைப் பற்றிய மதிப்புக் குறைந்திருந்தவர்களிடமும் செவிக் கோளாறே முன் நின்றது. சிறு வயதில் அடிக்கடி காதில் சீழ் வடிந்து, மெல்ல மெல்லச் செவித்திறன் குறைவது இந்நிலையில் மிகவும் பொதுவானது. சரியாகக் கேளாத குழந்தை வகுப்பில் ஒதுங்கும். தோழியர் பேச்சில் பின்தங்கும். பிறகு பேச்சையே விட்டுவிடும். உயரத்துக்காகக் கடன் வாங்கும் வீடுகள் காதுப் பரிசோதனைக்கு ஒரு நாள் ஒதுக்குவதில்லை. செவிப்பொறி வைத்தால் குறை வெளியே தெரியும் என்று அஞ்சுகிறார்களாம்!

பூப்புச் சிகிச்சையைத் தாமதித்தலும் இப்படிப்பட்டதே. உயரம் இன்னும் கூடட்டும் என்று ஈஸ்ட்ரோஜன் மருந்தைப் பதினைந்து வயதுக்கு மேலும் தள்ளிப்போடுவது முன்னைய வழக்கம். இன்று பதினொன்று, பன்னிரண்டு வயதிலேயே மிகச் சிறிய அளவில் தொடங்கி, இரண்டு மூன்று ஆண்டுகளில் படிப்படியாகக் கூட்ட வேண்டும் என்று வல்லுநர்கள் கூறுகின்றனர். எலும்புக்கும் கருப்பைக்கும் அது தேவை, மனத்துக்கும் தேவை. தோழியர் வளர்ந்துவிட, தான் மட்டும் சிறுமியாகவே நிற்பது எத்தகைய தனிமை என்பதை அந்த வயதைக் கடந்த பெண்கள் அறிவார்கள். 'இன்னும் பெரியவளாகவில்லையா?' என்று கல்யாண வீட்டில் உரக்கக் கேட்கும் உறவினர் நம்மிடையே இல்லாமல் இல்லை.

உருவத்தைக் கண்டு வயதை அளப்பது எமக்குத் தெரிந்த வேறொரு கொடுமை. எம் பங்கில் ஒரு பெண்ணுக்குப் பதினாறு வயது ஆன பின்னும் கிறிஸ்துமஸ் நாடகத்தில் சம்மனசு வேடமே கொடுத்துவந்தனர். ஆறு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில், முதுகில் அட்டைச் சிறகோடு நின்றாள். பார்த்தவர்கள் எல்லோரும், 'எவ்வளவு அழகு!' என்றோம். நாமும் அவ்வாறு கூறினோம் என்பதை மறைக்கவில்லை. மறு ஆண்டு அவள் நாடகத்துக்கு வரவில்லை; அதற்கடுத்த ஆண்டு பாடகர் குழுவையும் விட்டாள். உயரம் எவ்வளவாக இருந்தாலும் பதினாறு வயதுப் பெண்ணிடம் பதினாறு வயதுக்குரிய பொறுப்பைக் கொடுக்க வேண்டும்: கடைக்குச் செல்லட்டும், வங்கிக்குச் செல்லட்டும், மறைக்கல்வி வகுப்பு எடுக்கட்டும்.

அந்தப் பெண்ணின் தந்தையார்தான் முன்னர் எம்மிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவர். அப்பொழுது அவளுக்குப் பன்னிரண்டு வயது. 'படிப்பு முடியட்டும், இப்போது சொன்னால் மனம் உடைந்துவிடும்' என்று நாம் அறிவுரை கூறினோம். அன்பினால் கூறியதுதான், எனினும் அறியாமையால் கூறியது. அவரும் அப்படியே செய்தார். தாய்க்குத் தெரியும், அத்தைக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. ஏழு ஆண்டுகளுக்குப் பின், கல்லூரியில் விலங்கியல் பாடநூலைப் புரட்டியபோது, கண்களைக் கறுப்புப் பட்டையால் மறைத்த ஒரு பெண்ணின் படம் அவள் கண்ணில் பட்டது. கீழே அறிகுறிகளின் பட்டியல். ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, குளியலறைக்குச் சென்று கண்ணாடியில் தன் கழுத்தைப் பார்த்தாளாம். அன்று மாலை வீட்டுக்கு வந்து தந்தையிடம் கேட்டது, 'எனக்கு இந்த நோய் உண்டா?' என்று அன்று. 'உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்?' என்றுதான் கேட்டாள்.

பின்னர் அவள் எம்மிடம் பேசினாள். 'குழந்தை பிறக்காது என்பதை அழுது தீர்த்துவிட்டேன். என் உடம்பைப் பற்றி வீடு முழுவதும் பேசியிருக்கிறது, என்னைத் தவிர. அதைத்தான் தாங்க முடியவில்லை. இவ்வளவு பேர் மறைக்க வேண்டுமென்றால், அது எவ்வளவு கேவலமானதாக இருக்க வேண்டும் என்று தோன்றியது' என்றாள். நாம் விடை கூறவில்லை, மன்னிப்புக் கேட்டோம்.

இவள் ஒருத்தியின் அனுபவம் மட்டுமன்று இது. அமெரிக்காவில் டர்னர் நிலையுள்ள பெண்களையும் பெற்றோர்களையும் நேரில் கண்டு உரையாடி 2006-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், உண்மையை மறைத்தோ பாதி கூறியோ வைத்த வீடுகள் பல என்பதும், மிகுதியாக மறைத்த செய்தி பிள்ளைப்பேறு பற்றியதே என்பதும், மறைத்தது பின்னர் மனக்கசப்பாக மாறியது என்பதும் தெரியவந்தன. இன்றோ, கையிலுள்ள கைபேசியில் மருந்தின் பெயரை எழுதினாலே போதும். விலங்கியல் பாடநூல் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே சொல்லுங்கள். ஆனால் ஒரே நாளில், ஒரே மூச்சில் அனைத்தையும் கூறி முடித்துவிட வேண்டியதில்லை. ஐந்து வயதில், 'உன் உடம்பு மெல்ல வளரும் உடம்பு; அதற்கு உதவி செய்ய மருந்து' என்று கூறலாம். எட்டு, ஒன்பது வயதில் அந்த நிலையின் பெயரைக் கூறலாம். பெயர் தெரிந்த பொருளிடம் அச்சம் குறையும். பத்து, பதினொன்றில், பெரியவளாவதற்கு உன் உடம்புக்கு மருந்தின் துணை வேண்டும் என்பதையும், பிள்ளை பெறுதல் அரிது என்பதையும் அவளுடைய கேள்விக்கேற்பக் கூறலாம். 'தாயாவதற்கு வழி ஒன்றே அன்று' என்பதையும் அப்போதே சேர்த்துச் சொல்லுங்கள். தத்தெடுத்த பிள்ளைகளை நெஞ்சார வளர்க்கும் வீடுகள் நம் பங்குகளிலேயே உள்ளன. தாயும் தந்தையும் சேர்ந்திருந்து கூறுவது நன்று. அழுதால் அழவிடுங்கள். மறுநாள் ஒன்றும் நடவாதது போல் விளையாடப் போனால், அதுவும் சரியே. எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம் என்று அவளுக்குத் தெரிந்தால் போதும். வெளியாருக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை அவளே தீர்மானிக்கட்டும். அது அவளுடைய உடல் பற்றிய செய்தி.

திருமணம் பற்றி அந்தத் தாயார் கேட்கவில்லை. ஆனால் வாசற்படியில் நின்ற தந்தையார் போகும்போது கேட்டார். இவர்கள் இல்லறம் நடத்தத் தகுதியுள்ளவர்களே. பிள்ளைப்பேறு இன்மை திருமணத்துக்குத் தடையன்று. அது திருமணத்தைச் செல்லாததாக்குவதுமில்லை என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1084-ஆம் பிரிவில் தெளிவாகக் கூறுகிறது. ஆனால் அதே பிரிவு 1098-ஐயும் நினைவூட்டுகிறது. மணவாழ்வைப் பெரிதும் குலைக்கவல்ல ஒரு செய்தியை, சம்மதம் பெறும் பொருட்டு வஞ்சகமாக மறைத்தால் அத்திருமணம் செல்லாது. எனவே 'கல்யாணம் முடியட்டும், பிறகு பார்க்கலாம்' என்ற தரகரின் அறிவுரை சட்டப்படியும் தவறு, அந்தப் பெண்ணுக்குச் செய்யும் பெருந்தீங்கும் ஆகும். திருமண ஓலை வாசிக்கும் முன்பே மணமகனிடம் கூறிவிட வேண்டும். கூறுபவள் அவளாகவே இருந்தால் மிக நன்று. தன்னைப் பற்றித் தானே அறியாதவள் எதைக் கூறுவாள்? ஒருவேளை அவள் பின்னாளில் கருவுற்றால், பெருந்தமனிக்கு ஆபத்து நேரலாம் என்பதால் இதய மருத்துவரைக் காணாமல் இருத்தலாகாது. அதையும் அவள் அறிந்திருக்க வேண்டுமல்லவா? மணமாகாமலே பணியில் சிறந்து, நிறைவாக வாழ்வோரும் பலர். ஆசிரியைகளாக, செவிலியராக, மருத்துவராகவே கூட.

இவ்வளவையும் அன்று மாலை அந்தத் தாயாரிடம் நாம் கூறவில்லை. விலங்கியல் பாடநூலின் கதையை மட்டும் கூறினோம். அவர் தாளை மடித்து உறையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து சென்றார்.

திருவருகைக் காலத்தில் மீண்டும் வந்தார். ஒரு சனிக்கிழமை பிற்பகல், பாட்டி உறங்கும் வேளையில், கணவரும் அவருமாக மகளை அருகில் அமர்த்திக்கொண்டு கூறிவிட்டார்களாம். தந்தைதான் முதலில் அழுதாராம். மகள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, 'அந்த ஊசிக்கு உண்மையான பெயர் என்ன?' என்று கேட்டாள். கூறியதும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். எழுத்துக்கூட்டல் சரியா என்று தந்தையிடம் காட்டினாளாம். இரண்டு நாட்கள் தாயோடு கோபமாக இருந்தாள். மூன்றாம் நாள் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இப்போது அது அவளுடைய பள்ளிச் சான்றிதழ்களோடு, அவளது கோப்பில் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் மருந்து பற்றிக் கேட்கவும், காதைச் சோதிக்கவும் சனவரியில் மருத்துவரிடம் செல்கிறார்கள். பாட்டிக்குச் சொல்வதா என்பதை இன்னும் மகள் தீர்மானிக்கவில்லை.